ஏற்கெனவே ஓடிய லேசர்

மெஷின் டாக்டரைக் கூப்பிட்டது திங்கட்கிழமை காலையில். அவர் வந்து சேர்ந்ததோ வியாழக்கிழமை மத்தியானம்.

மூன்று நாளும் அவர் போட்டிக் கம்பெனியில்தான் இருந்தார் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. "நல்லா விலை போயிட்டார்டி," என்று பக்கத்து சீட் அக்கா, மெஷின் பிரிவில் வேலை பார்க்கும் அவள் காதில் போட்டாள்.

சிப் தொழிற்சாலையில் சர்க்யூட் அச்சடிக்கிற மெஷின் படுத்தால் எல்லாமே படுத்துவிடும். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே இவர் ஒருவர்தான். அதனால்தான் 'டாக்டர்'. இரண்டு கம்பெனிக்கும் இவரேதான். அங்கே பார்த்ததை இங்கே மூச்சு விடமாட்டார்.

புது பிராசஸரில் அச்சடிக்கக் கடைசி இரண்டு அடுக்குதான் பாக்கி. அடுத்த வெள்ளிக்குள் மாதிரிகள் லேப்டாப் கம்பெனிக்குப் போகாவிட்டால் ஆர்டர் போட்டியாளருக்கு. இந்தப் பிரிவுக்குப் பூட்டு. அறுபது பேருக்கு வேலை போகும். அவளுக்கும்தான். இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போன மாதம்தான் அப்பாவை வேலையை விடச் சொல்லியிருந்தாள்.

தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி. கண் மட்டும் தெரிய அவளும் டாக்டரும் தூசி படாத மெஷின் அறைக்குள் போனார்கள். அவர் பெட்டியைப் பிரித்து, மெஷினில் கெட்டுப்போனதற்குப் பதிலாக மாட்ட வேண்டிய லேசரை மேஜைமேல் வைத்தார். மாட்டுவதற்கு முன் அது ஓடிய நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. புதுசு என்றால் அதன் மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும்.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் காட்டியது.

யாரிடமும் அதிர்ந்து பேசாதவள் அவள். அன்றைக்குப் பேசிவிட்டாள்.

"புதுசை அங்க மாட்டிட்டு, பழசை எங்க தலையில கட்டறீங்களா சார்?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"புதுசு எங்கயுமே இல்லம்மா. வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும்."

"அப்ப இது?"

"அவங்களோடது. உங்க மெஷின் நின்னது தெரிஞ்சு அவங்களேதான் என்னைக் கூப்பிட்டாங்க. ரெண்டு மெஷின்ல ஒண்ணை நிறுத்திக் குடுத்தாங்க. பதமாக் கழட்டி எடுக்கவே மூணு நாள் ஆச்சு."

அவள் பேனா அப்படியே நின்றது. அவர்களுக்கும் அதே ஆர்டர்தான், அதே வெள்ளிக்கிழமைதான்.

"அப்ப அவங்க வேலை?"

"மிச்சம் இருக்கற ஒண்ணை ராப்பகலா ஓட்டறாங்க. அங்க ஹெட்டா இருக்கற மேடம் சொன்னாங்க: 'நம்ம சிப்பு நல்லா இருந்து ஜெயிச்சா சந்தோஷம். அவங்க மெஷின் நின்னதால ஜெயிக்கறது ஒரு ஜெயமா? போன வருஷம் நாம பட்ட பாடு அவங்களுக்கு வேண்டாம்.' இதை இங்க சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க சார்."

"சொன்னா, நான் உளறினது தெரிஞ்சுடுமேம்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அறையில் முகத்தைத் தொடக் கூடாது என்பது சட்டம். துடைக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

போன வருஷம் அவர்கள் மெஷின் பதினோரு நாள் நின்றது. அந்தச் செய்தி வந்த அன்று இந்தப் பிரிவில் கேக் வெட்டினார்கள். கத்தியைப் பிடித்திருந்தது அவள்தான்.