ஆடாத அலை

மார்ச் 12, காலை பத்து மணிக்கு, துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்புக்குப் பக்கத்தில் புதியது ஒன்று வைக்கப்பட்டது.

“உங்க மெஷின்ல அலை நடுங்குது. எங்க பழசைப் பாருங்க, கல்லு மாதிரி நிக்குது” என்றார் தலைமைப் பொறியாளர்.

“முடுக்கியில ஓடுற துகள் கற்றையே நடுங்குது சார்” என்று கெஞ்சினார் விற்பனையாளர். “இந்த ஆர்டர் போனா என் வேலையும் போயிடும்.”

“எனக்கே பாடமா? மூட்டையைக் கட்டுங்க.”

அப்போது புதிய திரையில் அலை நேர்கோடாகப் படுத்தது.

“பாத்தீங்களா, உயிரையே விட்டுடுச்சு!”

ஆபரேட்டர் உள்ளே வந்தார். “நீங்க சொன்னபடி பராமரிப்புக்கு முடுக்கியை நிறுத்திட்டேன் சார்.”

பழைய திரையில் அலை அசையாமல் நின்றது.

விற்பனையாளர் குனிந்து பார்த்தார். “சார், இது யாரோ நிறுத்திவச்ச படம். தேதி போன ஆகஸ்ட்.”

பதினொன்றரை மணிக்கு ஆர்டர் கையெழுத்தானது.