சனிக்கிழமை பத்து மணி

இதுதான் கடைசி வகுப்பு என்று பியானோ டீச்சர் நீனோ சொன்னபோது, தென்றலின் விரல்கள் இன்னும் கட்டைகளின் மேல்தான் இருந்தன.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா எதையாவது பேசிச் சரிக்கட்டிவிடுவாள் என்கிற பன்னிரண்டு வயதுப் பார்வை.

நான் சோபாவில் கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீனோ ஏதோ தன் தப்பு போல மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். மாணவர்கள் போதவில்லை. மொத்தமே நான்கு பேர். மெட்டச்சனில் இந்த மாடி வீட்டு வாடகைக்கே அது காணாது. கிளீவ்லாந்தில் அண்ணன் இருக்கிறார். அங்கே ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலை கிடைத்திருக்கிறது. பியானோவை விற்றாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துப் போவார்கள்.

ஜார்ஜியா நாட்டில் பதினாறு வருடம் பியானோ படித்தவர். இனிமேல் பல் பிடுங்க வருகிறவர்களின் இன்சூரன்ஸ் கார்டை வாங்கி நகல் எடுப்பார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு டீச்சருக்கா ஆள் கிடைக்கவில்லை, இந்த ஊர்ப் பெற்றோருக்குக் கண்ணில்லையா என்று படபடவென்று பேசினேன். பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நல்ல டீச்சருக்காக நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். எட்டு மாதம் நியூஜெர்சி முழுக்க நாயாய் அலைந்தோம். பிரின்ஸ்டன் பக்கம் ஓர் அம்மாள் மணிக்கு நூற்று நாற்பது டாலர் கேட்டார். அதற்கும் பிள்ளையை விட்டுவிட்டு எங்களைத்தான் இண்டர்வியூ செய்தார். எடிசனில் ஒருவர் பேஸ்மெண்டில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, நடுவில் வாக்கிங் போய்க்கொண்டிருந்தார்.

கடைசியில் நூலகத்து அறிவிப்புப் பலகையில்தான் நீனோ கிடைத்தார். கையால் எழுதிய சின்ன அட்டை. மணிக்கு ஐம்பது டாலர். அன்றைக்கே போன் செய்தேன். சனிக்கிழமை பத்து மணி எங்களுக்கு என்று ஆனது.

முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு கட்டையை அழுத்தி, அந்த ஒலி அடங்கும்வரை கேட்கச் சொன்னார் நீனோ. இதற்கா ஐம்பது டாலர் என்று எனக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் தென்றல் அதையே செய்ய, என் கணவர் சேனாபதி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன கலா, பியானோ ரிப்பேரா? ஒரே சவுண்டுதான் வருது?”

மூன்றாவது மாதம் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். ஸ்கூலில் கேள்வி கேட்டால்கூட வாயைத் திறக்காத பெண், யார் வந்து நின்றாலும் நிறுத்தாமல் வாசித்தாள். ஆபீஸ் மீட்டிங் நடுவே லேப்டாப்பை மூடிவிட்டு வந்து சேனாபதி உட்கார்ந்து அதைக் கேட்டார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் எனக்காக அந்த லேப்டாப் மூடியதில்லை.

அதெல்லாம் இந்த அறையில் வந்ததுதான். செவ்வாய்க்கிழமை இது காலியாகிவிடும்.

நூலகத்தில் அட்டை வைத்த வாரமே நீங்கள் கூப்பிட்டதால் இனி நிறைய பேர் வருவார்கள் என்று நம்பினேன், அதன்பிறகு அதைப் பார்த்து ஒருவர்கூடக் கூப்பிடவில்லை என்று நீனோ சிரித்தார். பாவம், நீங்களும் உங்கள் ஆட்களிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தீர்கள் என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

நான் கையை விடுவித்துக்கொண்டு கைப்பைக்குள் கார் சாவியைத் தேடினேன்.

கிளம்பும் முன் ஏதாவது வாசிக்கச் சொன்னார். தென்றல் மாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். அது அடங்கும்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காரில் ஏறியதும் அவளுக்கு அழுகை பீறிட்டது. ஓக் ட்ரீ ரோடு சிக்னலில் நின்றபோது, டிஷ்யூ தேடி டேஷ்போர்டைத் திறந்தாள். டிஷ்யூவோடு ஒரு கட்டும் அவள் மடியில் விழுந்தது.

ரப்பர் பேண்ட் கழற்றாத கட்டு.

“அம்மா, இது மிஸ் நீனோ கார்டுதானே? ஒய் டூ வி ஹேவ் ஸோ மெனி?”

முதல் வருடமே நீனோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்த ஐம்பது அட்டைகள். உங்கள் தமிழ்ப் பள்ளியில் நிறைய பிள்ளைகள் இருப்பார்களே, கொடுங்கள் என்றிருந்தார். ஞாயிறுதோறும் எடுத்துப் போனேன். ஞாயிறுதோறும் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆள் சேர்ந்தால் ஃபீஸ் ஏறும். பத்து மணி பறிபோகும். அதைவிட, தமிழ்ப் பள்ளித் தோழி ப்ரியம்வதாவின் மகன் அனிருத்தும் பொங்கல் விழா மேடையில் என் பெண்ணைப் போலவே வாசிப்பான். டீச்சர் நம்பரை ப்ரியம்வதா எத்தனை முறை கேட்டிருப்பாள்!

“அந்த மேம் ஃபுல்லா புக்டு ப்ரியா. வெயிட்டிங் லிஸ்ட்டே ஒரு வருஷம் போகுது.”

கூசாமல் சொன்னேன்.

பச்சை விழுந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. தென்றல் ரப்பர் பேண்டைக் கழற்றி, மேலே செருகியிருந்த அட்டையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

மற்ற ஐம்பதிலும் இல்லாத ஓர் ஓட்டை அதில் இருந்தது. நூலகத்துப் பலகையில் குண்டூசி குத்தியிருந்த ஓட்டை.