வெள்ளைத் தாள் ஒட்டிய இசைத்தட்டு

“சத்தமாய்ச் சொல்லுங்கோ தம்பி. உப்பிடி வாய்க்குள்ள சொன்னால் ஒண்டும் கேக்காது.”

பாதி திறந்திருந்த அறைக் கதவோரம் கதிரையில் இருந்த இமெல்டா அக்கா காதருகே கையை வைத்துக் காட்டினார். அறுபதைத் தாண்டினால் காது மந்தமாகத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு வசீகரன் குரலை உயர்த்தினான்.

“நோர்தேர்ன் சோல் எண்டால் வடக்கில பாடின பாட்டில்லை அக்கா! பாடினது அமெரிக்காவில இருந்த கறுப்பினச் சனம். அங்க விலைப்படாத வேகமான பாட்டுகளை இங்கிலாந்தின்ர வடக்குப் பக்கத்துப் பெடியள் தேடி எடுத்து ஆடு ஆடெண்டு ஆடினவங்கள். ஆடினவன்ர ஊரை வைச்சுத்தான் பேர்!”

“பாடினவனுக்கு ஒண்டுமில்லை, ஆடினவனுக்குப் பேர்,” என்றார் அக்கா. “சரி, அந்தப் பெட்டி உங்களுக்கு. அடுத்தது?”

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் இருந்த அந்த வீட்டின் வரவேற்பறை முழுக்கப் பெட்டிகள். எல்லாம் அக்காவின் கணவர் அருமைராசா அண்ணை முப்பது வருடமாகச் சேர்த்த, சோல் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாட்டு வகையின் இசைத்தட்டுகள். பெட்டிக்குப் பெட்டி தன் கையால் வகையை எழுதி ஒட்டியிருந்தார். தூசு தட்டக்கூட மனைவியை அவற்றில் கை வைக்க விட்டதில்லை.

போன கிழமை அக்காதான் தொலைபேசி எடுத்தார். “அவர் இனிப் பாட்டுப் போடப் போறதில்லை. வந்து எல்லாத்தையும் கொண்டுபோங்கோ, காசு வேண்டாம். ஒவ்வொரு பெட்டியும் என்னெண்டு எனக்குச் சொல்லிப்போட்டுக் கொண்டுபோங்கோ, அது காணும்.”

அண்ணையின் பழைய பாட்டுக் கூட்டாளியான வசீகரனுக்குத் திக்கென்றது. அண்ணை ஆஸ்பத்திரியில் என்று மாரியிலேயே கேள்விப்பட்டவன், ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருந்து வரப் பஞ்சிப்பட்டு இருந்துவிட்டான். செத்தவீட்டுக்கே போகாதவன் எப்போது, எப்படி என்று எந்த முகத்தோடு கேட்பது? அவன் கேட்கவில்லை.

இன்றைக்கு வாசலில், “வரேலாமல் போச்சு அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றபோதும், “இப்பவாவது வந்தியளே,” என்றுதான் சொன்னார். சுவரில் இருந்த அண்ணையின் படத்துக்கு மாலையில்லை, விளக்கில்லை. கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் அப்படித்தானாக்கும் என்று நம்முடைய சைவப்பழம் வசீகரன் தானே முடிவுகட்டிக்கொண்டான்.

“டீப் எண்டால் ஆறுதலாய், நெஞ்சு வெடிக்கிறமாதிரிப் பாடுறது!” என்று கத்தினான். “சேர்ச்சில அழுது மன்றாடுறமாதிரி! சுவீட் எண்டால் நாலைஞ்சு பேர் சேர்ந்து மெல்லிய குரலில கொஞ்சிப் பாடுறது, பின்னால வயலின் எல்லாம் வரும். புளூ ஐட் எண்டால் வெள்ளைக்காரர் பாடினது!”

“இவ்வளவுதானோ?”

“இவ்வளவுதான் அக்கா.”

“இதுக்கோ என்னை அந்தப் பாடு படுத்தினவர்.”

வசீகரன் தலையைக் குனிந்துகொண்டான். விருந்து நாட்களில் அண்ணை ஒரு தட்டைச் சுழலவிட்டு, குசினிக்குள் நிற்கும் அக்காவைக் கூப்பிடுவார். “இது டீப்போ, சுவீட்டோ? சொல்லு பாப்பம்!” மாப்பிடித்த கையோடு நின்று அக்கா ஏதோ சொல்லுவார், பிழைக்கும். “கறிக்கே உப்புத் தெரியாது, உவளுக்குப் பாட்டுத் தெரியப்போகுதோ!” என்று அண்ணை சொல்ல, சபையே சிரிக்கும். வசீகரனும் வயிறு குலுங்கச் சிரித்தவன்தான்.

அக்கா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனார். அந்த இடைவெளியில் அவன் கடைசிப் பெட்டியின் அடிவரை துழாவினான். அவன் வந்ததே அந்த ஒரு தட்டுக்காகத்தான். விரல் வெள்ளைத் தாளில் பட்டது.

“கிடைச்சிட்டுது,” என்று முணுமுணுத்தான்.

“என்ன கிடைச்சது?” என்றார் அக்கா குசினிக்குள் இருந்து.

சந்தோசத்தில் அவனுக்குத் தலைகால் தெரியவில்லை. “இது நோர்தேர்ன் ஆக்களின்ர பழக்கம் அக்கா! ஆரிட்டையும் இல்லாத தட்டுக் கிடைச்சால், மற்றவன் பேரைப் பார்த்துத் தேடி எடுக்காமல் இருக்க, லேபிளுக்கு மேல வெள்ளைத் தாளை ஒட்டிப் பொய்ப்பேர் எழுதிவிடுவினம். உண்மைப் பேரைச் சொல்லச் சொல்லி அண்ணையை இருபது வருசம் கெஞ்சினனாங்கள். ‘நான் செத்தால்தானடா உங்களுக்குத் தெரியும்’ எண்டவர்!”

“ஓம், எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர்.” அக்கா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதவோரக் கதிரையில் அமர்ந்தார். “அப்ப உரியுங்கோ.”

நகத்தால் மெல்ல மெல்ல உரித்தான். இருபது வருடப் பசை, லேசில் விடவில்லை. தாள் கழன்றதும், பாடியவளின் பெயரையும் பாட்டின் பெயரையும் மூச்சுவிடாமல் வாசித்தான்.

“இன்னும் சத்தமாய்.”

கூவி வாசித்தான்.

“இன்னொருக்கா, தம்பி.”

மூன்றாம் முறை வீடு அதிரக் கூவியபோது, கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ தட்டுப்பட்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து தொண்டைக்குள் சிக்கிய ஒரு முனகல்.

“உள்ள ஆரக்கா?”

அக்கா ஆறுதலாக எழும்பிக் கதவை அகலத் திறந்துவிட்டார். கட்டிலில் அருமைராசா அண்ணை கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துப்போயிருந்தது. வசீகரனின் கையில் இருந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்த கண்களில் இருந்து நீர் வழிந்து தலையணையை நனைத்தது.

“எனக்குக் காது நல்லாக் கேக்கும், தம்பி. சத்தம் இவருக்கு.”