எதிர் மேசை

தாண்டில் என்ற ஊரிலிருந்து புவெனஸ் ஐரிஸ் நகரத்துக்கு வந்த ஒரு வாரமும், அன்செல்மோ எல்லாவற்றுக்கும் மனைவியையே முன்னே தள்ளினார்.

"பஸ்காரன்கிட்ட நீயே கேளு, டெல்ஃபினா."

"உனக்கு வாயில்லையா, கிழவா?"

ஹோட்டலில் சாவி வாங்கியது அவள். போகா பேட்டைத் தெருக்களில் வழி தவறியபோது நாலு பேரிடம் கேட்டதும் அவள்தான். அவர் பின்னால் சும்மா நடந்து வந்தார்.

கடைசி நாள் மதியம் டாங்கோ நடனக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே கணவனோடு ஒரே மேசையில் இருக்கும் பெண்ணை வேறு யாரும் ஆட அழைக்க மாட்டார்கள். தனியாக இருப்பவளைத்தான் தூரத்திலிருந்து பார்த்துத் தலையசைப்பார்கள்.

அன்செல்மோ அவளை உட்காரவைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் போய்த் தனியே உட்கார்ந்தார். நாற்பது வருடத்தில் ஒருநாளும் அவர் அப்படிச் செய்ததில்லை.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் டெல்ஃபினாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கணவனைப் பார்த்தாள். 'போ' என்று அவர் கண்ணைக் காட்டினார்.

எழுந்தவள் மீசைக்காரரைத் தாண்டி, நேரே கணவன் முன்னால் வந்து நின்றாள்.

"பஸ் ஏறக் கத்துக்கிட்டேன், வழி கேக்கக் கத்துக்கிட்டேன். இதையுமா கத்துக்கணும்?"

"என்ன உளர்றே?"

"டாக்டர் உனக்கு முந்தியே என்கிட்ட சொல்லிட்டார். நீ ஆசையா கத்துக்குடுக்கறியேன்னுதான் வாயத் திறக்கல. இன்னும் மூணு மாசம் நீ இருக்கேல்ல, கிழவா? எந்திரி, ஆடலாம்."