ஒத்திகை பார்த்த குறை

1959, ஆனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. எனவே வட்டார ஆசிரியர்களின் மாதக் கூட்டத்தைக் குற்றாலத்துப் பள்ளியில் நடத்துவதென்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது கூட்டத்தின் நோக்கம். ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் குறை சொல்வார்கள். குறையே இல்லாத பாடத்தை டெபுடி இன்ஸ்பெக்டர் நம்பமாட்டார்.

ஆகவே குறையையும் குழுவே தயாரித்துக் கொடுத்தது.

இந்த மாதம் வடிவம்மாள் டீச்சரின் முறை. மழை எப்படி உண்டாகிறது என்பது பாடம். இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

குழுத் தலைவர் அருமைநாயகம் முதல் நாளே ஒத்திகை பார்த்தார்.

"கடலுக்கும் மேகத்துக்கும் நடுவுல அம்புக்குறி போடாம விட்டுருங்க டீச்சர். நம்ம சங்கரபாண்டி எந்திச்சு அதைச் சொல்லுவாரு. நீங்க, ஆமா, திருத்திக்கிடுதேன்னு சொல்லணும். அய்யா குளுந்துருவாரு."

வடிவம்மாள் தலையாட்டினாள்.

பிள்ளைகளின் முன் நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. ஜன்னலுக்கு வெளியே கைநீட்டிச் சாரலைப் பிடிக்கச் சொன்னாள். ஈரக் கையோடு அவர்கள் கேள்வி கேட்டார்கள். கடல் வரைந்தாள். மேகம் வரைந்தாள். நடுவில் அம்புக்குறி போட்டாள், கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி.

மணி அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். காதோரம் எண்ணெய் மினுங்கியது. கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, விமர்சனத்தைத் தொடங்கச் சொன்னார்.

சங்கரபாண்டி எழுந்தார். கரும்பலகையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பிறகு மனப்பாடம் செய்ததைச் சொன்னார்.

"பாடம் பிரமாதம் அய்யா. அம்புக்குறி ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

யாரும் மறுக்கவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தக்க நேரத்தில் முடிவெடுப்பவர்தான் தலைவர். இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்து, காதுக்குள் போன அருவித் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அருமைநாயகம் எழுந்து போய்த் தோளில் கிடந்த துண்டால் கரும்பலகையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். கடல் இருந்தது. மேகம் இருந்தது.

வடிவம்மாள் எழுந்தாள். சொல்ல வேண்டிய வரி அவளுக்குத் தெரியும். அவள் கண், அருமைநாயகத்தின் துண்டில் ஒட்டியிருந்த வெள்ளையில் நின்றது.

"அம்புக்குறி எங்கம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.