பஞ்சநாதத்தின் பளபளப்பு

“சாமி பூஜை முடிச்சிட்டாரா?” என்று எலுமிச்சம்பழமும் கையுமாகப் பஞ்சநாதத்தின் மனைவியிடம் வந்து நின்றாள் எதிர்வீட்டு ரத்தினம்மாள். “எம் மருமவ ஒரு வாரமா சரியாத் தூங்கறதே இல்ல. ஒரு சிட்டிகை துன்னூறு மந்திரிச்சுக் குடுக்கச் சொல்லுங்களேன்.”

அறைக்குள் இருந்த பஞ்சநாதத்துக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் எழுந்து வர முடியாது, இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி. மூடிய கதவின் இடுக்கில் ரத்தச் சிவப்பாக வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. தினமும் விடிகாலையில் இந்த வெளிச்சத்தைப் பார்த்த சிதம்பரம் கீழவீதிச் சந்துக்காரர்கள், மனிதர் ஏதோ ரகசியப் பூஜையில் இறங்கிவிட்டார் என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

பூஜையாவது புனஸ்காரமாவது! ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடியை மாட்டிக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார் அவர். முகமூடியின் உள்பக்கம் முழுக்கக் குட்டிக்குட்டியாய்ச் சிவப்பு லைட்டுகள். தினம் இருபது நிமிஷம் போட்டால் தோல் சுருக்கம் ஓடியே போய்விடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. மேல்பட்டாம்பாக்கத்துக் கல்யாண வீட்டில், அவரைவிட ஒரு வயது மூத்த சம்பந்தி அவரைப் போய் ‘பெரியவரே’ என்று கூப்பிட்டாரே, அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

கெட்ட நேரம், லைட்டு வேலை செய்துவிட்டது. நெற்றிச் சுருக்கம் போச்சு, கன்னத்துக் குழி போச்சு, கழுத்துத் தொங்கலும் போச்சு. தலைக்கு டை அடித்துக்கொண்டு நின்றால் அறுபத்தெட்டு வயசு என்று சத்தியம் பண்ணினாலும் ஒருத்தரும் நம்பவில்லை.

“எனக்கும் ஒரு நாளு அதப் போட்டு விடுங்களேன்,” என்று அவர் மனைவி லலிதாம்பிகை ஆசையாகத்தான் கேட்டாள்.

“உனக்கு எதுக்குடி? பொண்ணு பாக்க யாராச்சும் வராங்களா?” என்று சிரித்தார் பஞ்சநாதம். அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

வினை செல்போனில் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்ட வேண்டும். போன வருஷம் வரை செல்போனில் முகத்தைக் காட்டினால் வேலை முடிந்தது. இந்த வருஷம் எப்படிக் காட்டினாலும் ‘முகம் பொருந்தவில்லை’ என்றே வந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், மூஞ்சியைக் கசக்கி அழுவது போல்கூட வைத்துப் பார்த்தார். ம்ஹூம்.

“இன்னைக்குத்தான் கடைசி நாளு. விட்டா பென்ஷன் நின்னுடும். கடலூரு பென்ஷன் ஆபீசுக்கே போயிடலாம், கிளம்பு,” என்றார் மனைவியிடம். அந்தப் பென்ஷனை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

பஸ்ஸில் நல்ல கூட்டம். “பாட்டி, நீங்க உக்காருங்க,” என்று ஒரு காலேஜ் பெண் எழுந்து லலிதாம்பிகைக்கு இடம் கொடுத்தது. கையோடு பஞ்சநாதத்தைப் பார்த்து, “அண்ணா, அந்தப் பைய உங்கம்மா மடியில குடுத்துடுங்க,” என்றது.

லலிதாம்பிகை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஞ்சநாதத்துக்கோ ஆலப்பாக்கம் தாண்டியும் சிரிப்பு அடங்கவில்லை.

கடலூர் ஆபீசில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அறிவுமதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பென்ஷன் புத்தகத்து போட்டோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

“சார், இது உங்க அப்பாவா?”

“நான்தாம்மா அது!”

“காமெடி பண்ணாதீங்க சார். பின்னால கூட்டம் ஜாஸ்தியா நிக்குது.”

ரேகை வைக்கிறேன் என்றார். ரேகை மெஷின் ஒரு வாரமாக ரிப்பேர். வேலையில் சேர்ந்த தேதி, ரிட்டயர் ஆன தேதி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

“அப்பா நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காரு,” என்றாள் அறிவுமதி.

பஞ்சநாதத்துக்கு வேர்த்துக் கொட்டியது. “லலிதா! நீயாவது சொல்லேன்டி!” என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

அறிவுமதிக்குக் கோபம் வந்துவிட்டது. “பெத்தவங்கள பேரு சொல்லியா கூப்புடுவீங்க? அதுலயும் ‘டி’ வேற! பாத்தா முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது, அதுக்குள்ள இவ்ளோ திமிரா?”

முப்பத்தஞ்சு! பஞ்சநாதத்தின் வாய் காது வரைக்கும் போய்விட்டது. கண்டபடி திட்டு வாங்குகிறோமே என்ற உறுத்தல் துளியும் இல்லை. பென்ஷனும் மறந்துபோச்சு. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, அந்தக் கண்ணாடித் தடுப்பிலேயே முகம் பார்த்துத் தலையை ஒரு வாரு வாரிக்கொண்டார்.

“நீங்க சொல்லுங்கம்மா,” என்று லலிதாம்பிகை பக்கம் திரும்பினாள் அறிவுமதி. “பெரியவங்க, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்க வீட்டுக்காரரு இருக்காரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, எழுதி முடிச்சுடறேன்.”

லலிதாம்பிகை புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் இன்னும் தலை வாரிக்கொண்டிருந்தார். முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“அவரு போய்ச் சேந்துட்டாரும்மா. குடும்பப் பென்ஷனுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?”