பத்துமணிக் களை

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இந்தக் களை மொத்தமும் போயாகணும். இல்லேன்னா நீங்க கடையைக் காலி பண்ணணும்."

சொல்லிவிட்டுக் கடிதத்தைத் தையல் மிஷின் மேல் வைத்தார் செயலாளர். ஆறு வருடமாக அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் வைத்ததுதான் சட்டம்.

தரைத்தளத்தின் பின்பக்க அறையில் வாடகைக்குக் கடை வைத்திருக்கும் டெய்லரம்மா கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. மிஷினும் நிற்கவில்லை.

"என்னால பிடுங்க முடியாது சார்."

கடை வாசலிலிருந்து மதில்சுவர் வரை, கட்டடம் கட்டி மிஞ்சிய செங்கல் தூளும் சரளையும் கொட்டிய இடம். புல்கூட முளைக்காமல் கிடந்த அந்த மண்ணில் இப்போது ஒரு செடி பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. தண்ணீர் கோத்த குட்டிக் குட்டி இலைகள், சிவந்த தண்டு. காலை ஏழரைக்கு ஆபீஸ் கிளம்பும்போதும் மாலை ஏழுக்குத் திரும்பும்போதும் செயலாளர் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

"எட்டு வண்டி வெயில்லயும் மழையிலயும் தெருவுல நிக்குது. இங்க சிமெண்ட் போட்டா எல்லாத்தையும் உள்ள விடலாம். பொது இடத்தை வளைச்சுப் போட்டுக்கிட்டு எல்லாரையும் விரட்டறீங்களாமே? நேத்து பந்து எடுக்க வந்த பசங்களைத் திட்டினீங்களாம். இந்த வாட்ச்மேன் பாவம், தண்ணி ஊத்தினதுக்கு அவனுக்கும் அர்ச்சனை."

"தினம் ஊத்தினா அழுகிடும் சார். இது காய்ஞ்சு கிடந்தாத்தான் நல்லா இருக்கும்."

"போன மாசம் இதைக் கொத்திப் போடச் சொன்னேன். இப்ப ரெண்டு பங்கா வளர்ந்து நிக்குது. மறுபடி நட்டது யாரு?"

"நீங்கதான்."

"நானா?"

"பத்துமணிப் பூ சார் இது. ஒடிஞ்ச துண்டு விழுந்த இடத்துல வேர் விட்டுடும். நீங்க கொத்திப் பரப்பி விட்டீங்க. நாலு நாள் தூறலும் விழுந்துச்சு."

கூட வந்திருந்த வாட்ச்மேன் சட்டென்று கேட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது செயலாளர் கண்ணில் படத்தான் செய்தது.

"என் வீட்டை வந்து பாருங்க" என்றார் குரலை உயர்த்தி. "ஒரு பூந்தொட்டி உண்டா? குடிவந்த அன்னிக்கே சொல்லிட்டேன், வீட்டுக்குள்ள ஒரு பொட்டு மண் வரக் கூடாதுன்னு. என் மனைவி கொண்டுவந்த பதினாலு தொட்டியையும் அன்னிக்கே வெளிய கொடுத்தாச்சு. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பாளா?"

முதல்முறையாக மிஷின் நின்றது.

"பேச மாட்டாங்க சார்" என்றாள் டெய்லரம்மா. மறுபடி மிதித்தாள்.

திரும்பும்போது ஆணியில் தொங்கிய நீல பிளவுஸ் அவர் கண்ணில் பட்டது.

"இது எங்க வீட்டுதாச்சே? போன மாசமும் இங்கதான் தொங்கிச்சு."

"ஆமா சார். ஒரு நாள் கொஞ்சம் பிடிக்கச் சொல்வாங்க. மறுநாள் பிரிச்சு விடச் சொல்வாங்க."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எதிலும் கச்சிதம், என்னை மாதிரியே என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

சனிக்கிழமை சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நிஜமாவே காலி பண்ணச் சொல்லிடுவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"பின்னே?"

"அவங்களுக்கு வேற பிழைப்பு இல்லையே."

"அது களை வளர்க்கும்போது தெரிஞ்சிருக்கணும்."

துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

ஞாயிறென்றால் பதினொன்று வரை தூங்குகிறவர், அன்று பத்து மணிக்கே மண்வெட்டியோடு இறங்கினார். பின்னால் குடியிருப்புக்காரர்கள் நாலைந்து பேர். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தவர் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார். மதில்சுவர் வரை பூ. மஞ்சளும் ரோஸும் ஆரஞ்சுமாக, கால் வைக்க இடமில்லாத பூ. அழகாகத்தான் இருந்தது. அதை அவர் ஒப்புக்கொள்வாரா என்ன?

டெய்லரம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் மிஷின் ஏற்கெனவே சாக்கில் சுற்றப்பட்டிருந்தது.

"கடையை எடுத்துக்குங்க சார். செடி மேல மட்டும் கை வைக்காதீங்க."

"பார்த்தீங்களா பிடிவாதத்தை? சோறு போடற கடையைவிட இந்தக் களை பெரிசாப் போச்சு இவளுக்கு."

மண்வெட்டியை ஓங்கினார்.

"அதைக் கீழ வைங்க."

திரும்பினார். மனைவி.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள். ஒரு தண்டைக்கூட மிதிக்காமல், தரையைப் பார்க்காமலே, நடுவே போய் உட்கார்ந்தாள். கை தானாக வாடிய பூவைக் கிள்ளி எறிந்தது.

"அக்கா, நீங்க சாக்கைப் பிரிச்சு மிஷினை உள்ள வைங்க" என்றாள் டெய்லரம்மாவிடம். "எனக்காக நீங்க வாங்கின திட்டு போதும்."

பிறகு அவரைப் பார்த்தாள்.

"நட்டது நான். தினம் பத்து மணிக்கு வந்து பார்த்துக்கறதும் நான்தான். வெட்டணும்னா முதல்ல என்னைத் தாண்டி வாங்க."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நீயா? நான்... நான் அன்னிக்கே என்ன சொன்னேன் உன்கிட்ட?"

"வீட்டுக்குள்ள ஒரு பொட்டு மண் வரக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள் அவள். "இன்னிக்கு வரைக்கும் வந்திருக்கா?"